உச்சுக் கொட்டிய சித்தப்பா

தொண்ணூறுகளில் திருச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர். தடித்த கண்ணாடி, காலரில் கைக்குட்டை. ஞாயிறுதோறும் டவுன் டவுனாகப் போய்ச் சாப்பிட்டு வருவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"பிரியாணிக் கடையில நம்ம ஊரு திண்டுக்கல்லுன்னு சொல்லிப்புட்டு, முதல் வாய்க்கு லேசா உச்சுக் கொட்டணும் அப்பு. மாஸ்டருக்குப் பொறுக்காது. இன்னொரு கரண்டி கறியோட வந்துருவாரு."

"திண்டுக்கல்ல எங்கண்ணே?"

"நான் வத்தலக்குண்டு."

அடுத்த மாதம், அசல் திண்டுக்கல்காரனான நான் திருச்சியில் ஒரு பிரியாணிக் கடையில் ஊர்ப்பெயரைச் சொல்லி உச்சுக் கொட்டினேன். மாஸ்டர் வெறுங்கையோடு வந்தார்.

"கண்ணாடிக்காரர் ஒருத்தர் இதேமாதிரி உச்சுக் கொட்டுவாரே, அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"சித்தப்பா" என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் கரண்டியோடு திரும்பினார். பெயர் தெரியாத அந்தச் சித்தப்பாவை நினைத்தபடியே கறியைத் தின்றேன்.