என் உயரத்துக்கு ஒரு அடுப்படி

சமையலறை போட்டுக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து வந்த ஆள் நல்ல மனுஷர்தான். செருப்பை வாசலிலேயே கழற்றினார், கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடித்தார், மொபைலில் விதவிதமான சமையலறைகளைக் காட்டினார். ஆனால் காட்டியதெல்லாம் என் வீட்டுக்காரரிடம். அளந்து சொன்னதும் அவரிடம்தான். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த நான் ஏதாவது கேட்டால், பதிலும் அவர் முகத்தைப் பார்த்தே வந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மேடையைத் தாழ்த்தி, அடியில் பெட்டி எதுவும் வைக்காமல் கொஞ்ச இடம் காலியாக விட முடியுமா, என் முழங்கால் உள்ளே போக வேண்டும் என்றேன். மேடை உயரம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், மிஷின் அப்படித்தான் வெட்டும் என்றார். அப்புறம் என் வீட்டுக்காரரை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "சார், மேடம் எப்படியும் சமைக்கப் போறதில்ல. ஸ்டாண்டர்ட் சைஸே போட்டுடலாம். சமைக்க வர்ற ஆளுக்கும் அதான் வசதி."

எனக்குக் கால்தான் போயிருந்தது. காது நன்றாகவே கேட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விழுப்புரம் ரோட்டில் ஒரு லாரி என் ஸ்கூட்டரை இடித்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பல மாசம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான் பிளவுஸ் தைப்பவள். காலால் மிதிக்க முடியாது என்றானதும் மோட்டார் பெடலை மேஜை மேல் ஏற்றி வைத்து, முழங்கையால் அழுத்தித் தைக்கப் பழகினேன். முதலில் தையல் பாம்பு மாதிரி ஓடியது. பிறகு நேரானது. உழவர்கரையில் எங்கள் காலனிப் பெண்கள் ஒவ்வொருவராகத் துணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

தொழில் வந்துவிட்டது, அடுப்படிதான் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய கடப்பாக் கல் மேடை என் தோள் உயரத்துக்கு நின்றது. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்க்க முடியாது, சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். குழாய் கைக்கு எட்டாது. அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார் தினமும் மத்தியானம் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. நன்றாகவும் சமைப்பாள். ஆனால் உப்பும் புளியும் அவள் கை அளவு. எனக்கு எது பிடிக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது.

கம்பெனி ஆள் போனதும், நாமே போட்டுக்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவருக்கு டவுனில் பிரெஞ்சு முறைப்படி பத்திரம் எழுதும் நோத்தேர் ஆபீசில் வேலை. பத்திரங்களைப் பிரெஞ்சிலும் தமிழிலும் தட்டச்சு செய்து, ஒரு புள்ளி விடாமல் சரிபார்ப்பவர். வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

"ஆணி அடிக்கத் தெரியலங்கிறது ஒரு விஷயமே இல்ல. கொதிக்கிற எண்ணெ உன் மடியில கொட்டுனா உனக்கே தெரியாது. வெந்து போனப்புறம் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவ. அப்ப நான் ஆபீஸ்ல இருப்பேன்."

அவர் சொன்னது நிஜம். ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியதுதான், சூடான பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து அவருடைய அண்ணன் வீடியோ காலில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அங்கே எல்லோரும் சமையலறையைக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து தாங்களே மாட்டிக்கொள்வதாகவும், தானும் அப்படி மாட்டியிருப்பதாகவும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்த அதே நொடியில், "ஆனா உங்களால ஆகாது. அத்தான்சியோன்," என்று பிரெஞ்சில் விரலை ஆட்டி எச்சரித்தார். அவர் வீட்டில் அதை மாட்டியது யாரென்று பின்னாலிருந்து அவர் மனைவி ஏதோ சொன்னாள். கால் சட்டென்று கட்டாகிவிட்டது.

நான் விடவில்லை. பிளவுஸ் வெட்டும் முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். இதற்குக் காகிதம் போதாது. காலனி முனையில் உள்ள கடையிலிருந்து ஃப்ரிட்ஜ் வந்த காலி அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிவர அவரிடம் சொன்னேன். ஹாலில் நான்கு ஸ்டூல்களைப் போட்டு, மேலே அட்டையை விரித்து, மேடை மாதிரி செய்தேன். அதன் முன்னால் நாற்காலியை ஓட்டிப் போய், காலிப் பாத்திரங்களை வைத்துச் சமைப்பது போலச் செய்து பார்த்தேன். துணி கொடுக்க வந்த பெண்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள், என்ன குழம்பு அக்கா என்று.

முதலில் அடுப்பை நேர் எதிரே வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன பயம் எனக்கே தெரிந்தது. எது கொட்டினாலும் என் மேல்தான் கொட்டும். அட்டையை நகர்த்தினேன். இடது கைப் பக்கம் சிங்க், வலது கைப் பக்கம் அடுப்பு, நடுவில் மட்டும் என் முழங்கால் நுழைய இடம். அடுப்புக்கு அடியில் இழுப்பறைகள். கொட்டினால் இழுப்பறை மேல் கொட்டட்டும், என் கால் அங்கே இருக்காது. குழாய் சிங்க்குக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில். தண்ணீர் பிடித்த பாத்திரத்தைத் தூக்கவே வேண்டாம், கல் மேல் இழுத்துக்கொண்டே அடுப்பு வரை போய்விடலாம். முன்விளிம்பில் விரற்கடை உயரத்துக்கு ஒரு வரம்பு வைத்தால் வழிந்தது மடிக்கு வராது. மடிக்குக் கான்வாஸ் துணியில் இரட்டை மடிப்பாக ஒரு மறைப்பும் தைத்து வைத்தேன்.

இவ்வளவையும் அவரிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். தினமும் ஆபீசிலிருந்து வந்து, அட்டை மேடையைச் சுற்றிக்கொண்டு நடந்து, சட்டையை மாற்றப் போய்விடுவார்.

ஒரு காலையில் நான் கட்டிலில் படுத்து டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். என் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. ஹாலைத் தாண்டி, அடுப்படிக்குள் போய், எதிலோ இடித்து நின்றது. பிறகு பாத்திரம் ஒன்று விழுந்தது. குழாய் திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு தடவை நாற்காலி பின்னால் போய் முன்னால் வந்து இடித்தது. குழாய் திறக்கவேயில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறைக்கு வந்தார். அதைக் கட்டிலோடு சேர்த்து நிறுத்திப் பிரேக் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "இதுல உக்காந்து ஒரு டம்ளர் தண்ணிகூடப் புடிக்க முடியல," என்றார். பிரேக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில பிளைவுட் வாங்கணும்னு சொல்லு," என்றார்.

கரண்ட்டையும் கேஸையும் நாங்கள் தொடுவதில்லை, கிரானைட் கல்லைக் கடைக்காரர்களே கொண்டுவந்து வைக்கட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். மற்றதெல்லாம் எங்கள் வேலை. பிளைவுட் கடையில் என் வரைபடத்தைக் கொடுத்ததும், நான் சொன்ன அளவுக்கே பலகைகளை வெட்டிக் கொடுத்தார்கள். எந்தத் தச்சர் வரைந்தது என்று கேட்டார்களாம். தையல்காரி என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

பழைய மேடையை உடைக்கும் நாள் வந்தது. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு இவர் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார். முதல் அடி பூனை தட்டியது போல இருந்தது. இரண்டாவது அடியில் ஒரு மூலை பிளந்தது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், பனியனில் வியர்வை, கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத ஒரு சிரிப்பு. ஆபீசில் ஒரு கமாவுக்காக அரை மணி நேரம் யோசிக்கிற மனுஷர்.

இழுப்பறைப் பெட்டிகளை ஹாலில் தரையிலேயே வைத்துப் பொருத்தினோம். திருகு முடுக்குவது என் வேலை. மூன்று வருஷமாகச் சக்கரம் தள்ளிய கைகள், சும்மா இல்லை. பலகையைப் பிடித்துக்கொள்வதும், ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மயிரிழை விலகினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சங்கடம் சுவரில்தான் வந்தது. நடுவில் காலி இடத்துக்கு மேலே வரும் கல்லைத் தாங்க, சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்தோம். கல் வருவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பலகையை வைத்து அரிசி மூட்டையை ஏற்றினோம். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஆங்கிள், திருகு, பூச்சு எல்லாம் பெயர்ந்து மூட்டையோடு கீழே வந்தது. சுவருக்குள் மணல் மாதிரி உதிர்ந்தது. அரிசி அடுப்படி முழுக்கச் சிதறியது.

விழுந்த இடம் என் முழங்கால் வரப்போகிற இடம். இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பெனிக்காரனையே கூப்பிட்டுவிடலாம் என்றார் மெதுவாக. கோபமில்லை, பயம். எனக்கும் பயம்தான். வெளிக்காட்டவில்லை. துணி நைந்திருந்தால் என்னதான் இழுத்துத் தைத்தாலும் தையல் நிற்காது, உள்ளே வேறு துணி பட்டியாகக் கொடுத்துப் பாரத்தை அதற்கு மாற்ற வேண்டும். சுவரும் நைந்த துணிதான் என்று தோன்றியது. சுவரை நம்ப வேண்டாம் என்றேன். காலி இடத்தின் இரண்டு பக்கமும் இரும்புக் கால் தரையில் நிற்கட்டும், பாரம் முழுதும் தரைக்குப் போகட்டும், சுவருக்கு ஒரு வேலையும் கொடுக்க வேண்டாம்.

அவர் வெல்டிங் கடைக்குப் போய் இரும்புச் சட்டம் செய்துகொண்டு வந்தார். அதன் மேல் பலகையைப் போட்டு, மூட்டையை வைத்து, தானும் ஏறி உட்கார்ந்தார். அசையவில்லை. அடியில் நாற்காலியை நுழைக்கட்டுமா என்றேன். மூட்டையை இறக்கிவிட்டு அப்புறம் நுழை என்றார்.

கல் வந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து போனார், கேஸ்காரர் வந்து குழாயை மாட்டிச் சோதித்துவிட்டுப் போனார். கடைசியாக சிங்க்கில் தண்ணீர் திறந்தோம். அடியில் சொட்டியது. இவருக்கு முதுகு வலி, குனிந்து உள்ளே பார்க்க முடியவில்லை. நான் நாற்காலியில் இருந்தபடியே சாய்ந்து தலையை உள்ளே விட்டேன். வேஸ்ட் பைப் இணைப்பில் வாஷர் கோணலாக உட்கார்ந்திருந்தது. கழற்றி, திருப்பி வைத்து, இறுக்கினேன். மறுபடி திறக்கச் சொன்னேன். முகத்துக்கு நேரே அந்தப் பைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு இல்லை. உயரமாக நிற்கிற யாருக்கும் அந்த வேலை அவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், வீராம்பட்டினத்திலிருந்து தெருவில் கூடை கொண்டுவரும் அம்மாவிடம் சங்கரா மீன் வாங்கினேன். நாத்தனாரிடம் இன்றைக்குச் சாப்பாடு வேண்டாம், நீ சும்மா வா என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

அவள் வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலேயிருந்து. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக ஒதுங்குவதைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு பழக்க தோஷத்தில் கரண்டியை வாங்க வந்தாள். மேடை அவளுக்கு ரொம்பத் தாழ்வு. வளைந்து கிண்டிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இதுல என்னால நின்னு சமைக்க முடியாது."

"உன்ன யாரு சமைக்கச் சொன்னது? உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். தட்டை என் கையாலேயே வைத்தேன், சோறும் குழம்பும் நானே போட்டேன். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவள் கண் கலங்கியது. காரம் அதிகமா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். தினமும் கேரியரைக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தவளுக்கு, இத்தனை நாளில் இந்த வீட்டில் யாரும் ஒரு வாய் பரிமாறியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மீன் தலையையும் எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அதற்காகத்தான் காத்திருந்தார், வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவருக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். காபி போட்டு, மூடியுள்ள டம்ளரில் ஊற்றி, நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிய தாங்கியில் வைத்துக் கட்டில் வரைக்கும் கொண்டுபோனேன். அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

"சக்கர பத்தல," என்றார்.

"அடுப்படியில இருக்குது. குனிஞ்சு எடுத்துக்குங்க," என்றேன்.