மூன்று கத்தி, மூன்று மெயில்

அந்த வீட்டில் கைதான் முதலில் பேசும். வாய் பிறகுதான் வரும். தாத்தா அப்பாவை அடித்தார், அப்பா பெரியவனை அடித்தார், பெரியவன் தங்கச்சியை அடித்தான். சின்னவளுக்குக் கீழே அடிக்க ஆள் இல்லை, அதனால்தான் கோழி வெட்டப் போனாள் என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சின்னவளும் கூடச் சிரிப்பாள். சிரிக்கும்போது இடது முழங்கை மட்டும் முழுதாக நீளாது. அது அப்பா வாசற்படியிலிருந்து தள்ளிவிட்டதில் வந்தது.

கோழிக்கடை அப்பாவுடையது. அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நடத்தியது சின்னவள். விடிந்ததும் ஷட்டரைத் தூக்குவாள், கூண்டைக் கழுவுவாள், வெட்டுக்கட்டையைச் சுரண்டுவாள். கட்டையில் மூன்று கத்தி. கழுத்துக்கு ஒன்று, தோல் உரிக்க ஒன்று, எலும்புக்கு ஒன்று. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுக்கமாட்டாள். பெரியவனுக்கோ இறகு பட்டாலே தும்மல். அப்பா போன பிறகு அவனுக்கு ஒரே எண்ணம். கடை இருக்கும் தெருமுக்கு இடத்தை செல்போன் விற்கிறவனுக்குக் கைமாற்றிவிட வேண்டும். அதற்குக் கடை உரிமம் அவன் பேருக்கு வர வேண்டும். சின்னவளுக்கு அந்தக் கட்டையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

தங்கச்சிக்கு மெயில் திறந்துகொடுத்ததே பெரியவன்தான். பாஸ்வேர்டு அவன் வைத்தது. அவன் போனிலும் திறக்கும், அவள் போனிலும் திறக்கும். "வீட்டுக்கு ஒரு மெயில் போதாதா? ஆளுக்கு ஒரு அடுப்பா வச்சிருக்கோம்?" என்பான்.

உரிம அலுவலகம் அந்த மெயிலுக்குத்தான் எழுதியது. இறந்தவர் பேரிலுள்ள உரிமத்தை, கடையை நடத்தும் வாரிசு கேட்டால் மாற்றித் தருவோம் என்று. பெரியவன் அதை அழித்துவிட்டான். கடையைச் சோதிக்க வந்த அலுவலர் "ஏம்மா பதிலே போடல?" என்று கேட்ட பிறகுதான் சின்னவளுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டாள். கேள்வி முடிவதற்குள் செம்பு பறந்து வந்து வாயில் விழுந்தது. நாக்கால் துழாவினாள். பல் இருந்த இடத்தில் உப்புக் கரித்தது. அண்ணி துணியை நனைத்துக் கொடுத்தாள். அவள் வாயிலும் பல் வரிசை சரியில்லை.

மறுநாள் எதிர்ச் சாரியிலிருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள் சின்னவள். கடைக்காரம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, எனக்கு ஒரு மெயில் திறக்கணும்."

"ஒண்ணு இருக்கே உனக்கு?"

"அது எங்கண்ணன் சட்டைப் பையில இருக்கு."

அக்கா வீங்கிய உதட்டைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு மெயில் வச்சா குழப்பிக்க மாட்டியே?"

"மூணு கத்தி வச்சிருக்கேன், குழப்பிக்கிட்டேனா? எலும்புக் கத்தியால தோல் உரிச்சா என் தோலும் சேந்து வரும்."

புது முகவரி உண்டாயிற்று. பாஸ்வேர்டை அவளே தட்டினாள், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் திரை ஒரு கேள்வி கேட்டது: இந்தக் கணக்கில் ஏதாவது சிக்கல் என்றால் வேறு எந்த முகவரிக்குத் தெரிவிக்க வேண்டும்? ஜெராக்ஸுக்கு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவசரத்தில் சின்னவள் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரியைச் சொன்னாள். பழைய முகவரி. பூட்டை மாற்றிவிட்டு, புதுச் சாவியைப் பழைய கொத்திலேயே மாட்டியது போலாயிற்று.

புது முகவரியிலிருந்து உரிமத்துக்கு விண்ணப்பம் போனது. கடைக்குத் திரும்பியதும் புதுக் கணக்கைத் தன் போனிலும் திறந்தாள். உடனே பழைய கணக்கில் ஒரு தகவல் வந்து விழுந்தது: உங்களுடைய இந்தக் கணக்கு புதிய போனில் திறக்கப்பட்டது. புது முகவரி முழுதாக அதில் இருந்தது.

ஒரு கோழியை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்துதான் அவள் அதைப் பார்த்தாள். படிக்காத மெயில் என்றால் எழுத்து தடித்து இருக்கும். இது மெலிந்து இருந்தது. தனக்கு முன்னால் யாரோ படித்தாயிற்று.

இடுப்பில் கட்டிய ரத்தத் துணியோடு எதிர்ச் சாரிக்கு ஓடினாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். உட்கார்ந்து, பழைய முகவரியை அந்த இடத்திலிருந்து எடுத்தாள். மூன்றாவதாக ஒரு மெயில் திறந்து அங்கே போட்டாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாத. இதுல கடிதம் எதுவும் வராது. ரெண்டாவதுக்கு இது காவல், அவ்வளவுதான்."

"போன்ல?"

"போன்ல பழசு மட்டும் இருக்கட்டும். புதுசப் பாக்கணும்னா இங்க வந்து பாத்துட்டு மூடிட்டுப் போ. திருட வர்றவனுக்கு ஒரு உண்டியலாவது காட்டணும்ல?" என்று அவள் போனிலிருந்து புதுக் கணக்கை எடுத்துவிட்டாள் அக்கா.

அவள் திரும்பி வந்தபோது பெரியவன் கடைக்குள் நின்றுகொண்டிருந்தான். அவள் நுழைந்ததும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான்.

"எங்கடி அது?"

"எது?"

பின்னலைப் பிடித்துச் சுழற்றிக் கூண்டில் மோதினான். கம்பி நெற்றியைக் கிழித்தது. கோழிகள் அலறி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அவன் அவள் இடுப்பிலிருந்து போனைப் பிடுங்கினான், கட்டைவிரலை இழுத்து அதன்மேல் வைத்து அழுத்தினான். விரலில் ரத்தமும் கொழுப்பும். போன் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். திறக்கவில்லை.

"தொடைடி கைய!"

"எதுல தொடைக்க? எல்லாம் ரத்தம்."

தன் வெள்ளைச் சட்டையிலேயே அந்த விரலைத் தேய்த்தான். போன் திறந்தது. தேடினான். பழைய மெயில்தான் இருந்தது.

"புதுசு?"

"அழிச்சுட்டேன் அண்ணே."

நம்பிவிட்டான். தங்கச்சிக்கு அதற்குமேல் ஒன்று தெரியும் என்று அவனுக்கு எந்தக் காலத்திலும் தோன்றியதில்லை. அவள் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, அவள் பேரிலேயே அலுவலகத்துக்குத் தட்டினான்: கடை எனக்கு வேண்டாம், உரிமத்தை அண்ணன் பேருக்கே கொடுத்துவிடுங்கள். அனுப்பிவிட்டுப் போனைத் தரையில் போட்டான்.

"இனிமே உனக்குப் போன் எதுக்கு?" என்று வலது கையை வெட்டுக்கட்டைமேல் இழுத்து வைத்தான். எலும்புக் கத்தியை எடுத்து, திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் கட்டைவிரலில் ஓங்கிப் போட்டான். அந்தச் சத்தம் அவளுக்குத் தினமும் கேட்டுப் பழகியதுதான். தன் கையிலிருந்து கேட்டது அன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது ஜெராக்ஸ் அக்கா. அண்ணி பின்னாலேயே ஓடிவந்து, "ஷட்டர்ல நசுங்கிடுச்சு டாக்டர்" என்றாள். டாக்டர் அண்ணியின் கழுத்திலிருந்த விரல் தடத்தைப் பார்த்தார். "அந்த ஷட்டர் உங்க மேலயும் விழுந்துச்சாம்மா?" என்றார். அண்ணி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

கட்டோடு இருந்த நாட்களில் சின்னவள் இடது கையால் வெட்டப் பழகினாள். முழங்கை நீளாததால் வெட்டு குட்டையாக விழுந்தது. ஆனால் இடம் தப்பவில்லை.

அலுவலகத்திலிருந்து பழைய மெயிலுக்குப் பதில் வந்தது. பெரியவன்தான் அதைப் படித்தான். இந்த முகவரி விண்ணப்பத்தில் பதிவான முகவரி அல்ல; இதிலிருந்து வரும் கோரிக்கையை ஏற்க இயலாது. நாலு வரிதான். அவனுக்கு அது ஊர் முன்னால் வாங்கிய அறை மாதிரி இருந்தது.

ஓடித்தான் வந்தான். கூண்டை உதைத்துச் சாய்த்தான், சின்னவளைச் சுவரோடு வைத்துக் கழுத்தை நெரித்தான்.

"அழிச்சுட்டேன்னு சொன்னியேடி!"

அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடது கை கட்டையைத் துழாவியது. எலும்புக் கத்தி அதன் இடத்திலேயே இருந்தது. தூக்கினாள். இறக்கும் நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பினாள். கத்தியின் முதுகு அவன் கைமேல் விழுந்தது. அதே சத்தம். பெரியவன் கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான், கை தொங்கியது, மூக்கில் இறகு ஒட்டியிருந்தது. அழுகையோடு தும்மலும் வந்தது.

"இது முதுகு அண்ணே," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "அடுத்த தடவ மறுபக்கம்."

தெருவில் கூடி நின்றவர்கள் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டார்கள். பிறகு அவன் அந்த முக்குப் பக்கம் வரவில்லை. உரிமம் சின்னவள் பேரில் இரண்டாவது மெயிலுக்கு வந்தது. ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே படித்தாள். கட்டைவிரல் கோணலாகத்தான் கூடியது, போன் அதை அடையாளம் காணவில்லை; இடது கைச் சுண்டுவிரலைப் பதித்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் அடிக்கிற கை ஒடிந்தால் இன்னொரு கை இருக்கிறதே. ஒரு மத்தியானம் அண்ணி கோழி வாங்க வருகிறவள் மாதிரி வந்து நின்றாள். ஒரு கண் மூடிக் கிடந்தது.

"அம்மாடி, எனக்கும் ஒண்ணு திறந்து குடேன்."

"எதுக்கு அண்ணி?"

"எங்கம்மா வீட்டுக்கு எழுதணும். என்னை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி."

சின்னவள் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, அண்ணியை எதிர்ச் சாரிக்குக் கூட்டிப்போனாள். பேர் ஆயிற்று, பாஸ்வேர்டு ஆயிற்று. திரை அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது.

"இங்கதான் அண்ணி நான் விழுந்தேன். அவனுக்குத் தெரிஞ்ச எதையும் இங்க குடுத்துடாதீங்க."

"எனக்கு வேற யாரத் தெரியும்?" என்றாள் அண்ணி.

சின்னவள் நாற்காலியை அருகே இழுத்தாள். யாரிடமும் சொல்லாத தன் மூன்றாவது முகவரியை, சுண்டுவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அந்தக் கட்டத்தில் தட்டினாள்.