தெரு கேட்ட பிளேட்டு

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்று வளர்த்தது ஐந்து. அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியையும் சேர்த்தால் ஆறு. ஒன்றும் சோடை போகவில்லை, அதில் எனக்குப் பெருமைதான்.

அந்தத் தம்பியைத்தான், தோல் வியாபாரம் பழகட்டும் என்று எங்களைப் பெற்ற அத்தா மெட்ராஸுக்கு அனுப்பினார். அவன் அங்கே கிடார் பழகினான். நாலு பையன்கள் சேர்ந்து பாட்டுக் குழு வைத்து, இங்கிலீஷ் பாட்டுகளாகப் பாடி, பெரிய கிராமபோன் பிளேட்டு ஒன்றும் போட்டுவிட்டார்கள். அறுபதுகளின் கடைசி அது. சோற்றுத் தட்டு அகலம் இருந்த அந்தப் பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் ரயிலைவிட்டு இறங்கினான். அட்டையில் அவன் படம். நான் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அத்தா பார்க்கவில்லை. "என் ஒருத்தன் காதை வச்சு என்ன முடிவு சொல்ல? பேரன் மார்க்கக் கல்யாணத்துக்கு மைக்செட்டு வருதுல்ல, அதுல போடு. தெரு ஒத்துக்கிட்டா நீ மெட்ராஸ் போ. இல்லைன்னா நம்ம தோல் மண்டிச் சாவியை வாங்கிக்க" என்றார்.

அன்று முதல் தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

என் மூத்தவனுக்குச் சுன்னத்து செய்த விருந்து அது. வேப்பமரத்தில் மைக்செட்டுக் குழாய் கட்டியாயிற்று. முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. மைக்செட்டுக்காரர் இறைவனைப் புகழ்ந்த பாட்டுகளை முதலில் போட்டார். பிறகு தம்பியின் பிளேட்டை எடுத்து, சாவி முறுக்கும் தன் பழைய பாட்டுப் பெட்டியில் வைத்து முள்ளை இறக்கினார்.

கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். பாட்டா அது? மூஞ்சூறு சண்டை.

நெய்ச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே பந்தி சிரித்தது. "ஏலே அப்பு, எலி பிடிக்கவா மெட்ராஸ் போனே?" என்று ஒரு மண்டிக்காரர் கத்தினார். "பூனையை அவுத்து விடுங்கப்பா" என்றது இன்னொரு குரல்.

தம்பி முகம் வெளிறி ஓடி வந்தான். "அக்கா, இது மெதுவாச் சுத்துற பிளேட்டு. இந்தப் பெட்டிக்கு ஒரே ஓட்டம்தான், அதுவும் வேக ஓட்டம்."

பிளேட்டுக்குப் பிளேட்டு ஓட்டம் வேறு என்று எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? நான் யோசிக்கவில்லை. சுற்றுகிற பிளேட்டின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். கீச்சு இறங்கி இறங்கி ஆம்பிளைக் குரலாயிற்று. என் தம்பியின் குரல். கூடவே கிடார். சிரிப்பு நின்றது. நாலு வரி கேட்டிருக்கும். அதற்குள் தடித்த முள் பிளேட்டைக் கீறிக்கொண்டு போய்விட்டது.

எல்லாரும் அத்தாவைப் பார்த்தார்கள். அவர் தோள் துண்டால் நிதானமாக வாயைத் துடைத்தார்.

"ஈரத் தோலு காயாம நான் என்னைக்காவது விலை சொல்லியிருக்கேனா? மெட்ராஸ் போயி சரியான பெட்டியைக் கொண்டு வா. பொறகு தெரு சொல்லட்டும்."

"சாவி, அத்தா?"

"அது எங்க போகுது? கிடக்கட்டும்."

மறுநாள் ரயிலேறினான். பெட்டி வரவேயில்லை; தம்பி மெட்ராஸிலேயே பாடிக்கொண்டிருந்தான். கடைவீதியில் யாராவது கேட்டால் அத்தா "வருது, வருது" என்பார். தம்பிக்குப் போட்ட எந்தக் கடிதத்திலும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. மண்டிச் சாவி என் வீட்டுக்காரர் இடுப்புக்கு வந்த பிறகு நானே ஒருநாள் கேட்டேன், "பெட்டி எப்பத்தா வரும்?" என்று.

"உனக்கென்ன அவசரம்?" என்றார்.

எழுத்துக் கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன். பேத்தி, இந்தா, சத்தமாக வாசி. அத்தா பேசுகிற இடமெல்லாம் அவர் பேசியது மாதிரியே இருக்கிறதா என்று காதால் கேட்டுப் பார்க்கிறேன்.