நிலாவில் டீக்கடை வைத்திருந்தவர்கள்

அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தால் இன்றைக்கும் முதலில் வருவது காய்ந்த சந்தனத்தின் வாசனைதான். அந்தச் சந்தனம் ஒரு நோட்டின் அட்டையில் அப்பியிருக்கிறது. நோட்டுக்குள்ளே ஒரு குடும்பம் இருபத்தெட்டு வருடமாகக் கப்பல் ஏறக் காத்து நிற்கிறது.

வண்ணார்பேட்டையில், பஸ் இரைச்சல் ஓயாத, ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல வீடுகள் இருந்த ஒரு ‘வளவு’க்குள் நாங்கள் குடியிருந்தபோது, என் அக்கா செல்வி விண்வெளிக் கதை ஒன்றைப் படம் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. பேரரசர், ஆயிரம் கப்பல், கிரகத்துக்குக் கிரகம் சண்டை என்று ஏக தடபுடலான கதை. எனக்கு அதெல்லாம் ஒட்டவே இல்லை. சண்டைக்குப் போகிற கப்பல்கள் நின்று போகும் ஒரு குட்டி நிலாவில் டீக்கடை வைத்திருந்த பச்சைத்தோல் குடும்பத்தைத்தான் எனக்குப் பிடிக்கும். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். ஆளுக்கு மூன்று கண். அம்மாக்காரி மூன்று கண்ணுக்கும் மை தீட்டி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். சின்னவளுக்கு, அப்போது என்னைப் போலவே, முன்பல் கிடையாது. அவ்வளவு பெரிய கதையில் அவர்களுக்குக் கிடைத்தது நாலே பக்கம்.

அந்த வருடம் நவராத்திரிக்கு மும்பைப் பெரியம்மா வந்தாள். பிள்ளை இல்லாதவள்; அக்காவைத் தன்னோடு வைத்து வளர்க்கக் கேட்டுத்தான் வந்திருந்தாள். “கூடப் பொறந்தவ வாயத் தொறந்து கேக்கா, இல்லன்னா சொல்ல முடியும்? அங்கன போனா இவ நல்லாப் படிப்பா” என்றாள் அம்மா. மில் வேலை போய் வீட்டில் இருந்த அப்பா சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, “பிள்ள சரின்னா சரி” என்றார். பிள்ளையை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்றைக்கே அக்காவின் கதையில் நிலா அதிரத் தொடங்கியது. பேரரசர் அதை வெடிவைத்துத் தகர்க்கப் போகிறார். காப்பாற்ற வந்த கப்பலில் மூன்றே இடம். நாலாவது பக்கத்தில் நாலு பேரும் ஏணிக்குக் கீழே நிற்கிறார்கள்.

“யாருக்கா ஏறாம நிப்பா?” என்று கேட்டேன்.

“நாளைக்கு வரையுதேன்ட்டி, பைய இரு.”

நாளைக்கு சரஸ்வதி பூசை. பூசையில் அடுக்கிய புத்தகத்தை விஜயதசமி காலை வரை எடுக்கக் கூடாது, எழுதக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நோட்டு பூசையில் இருந்தால் யாரையும் விட்டுவிட்டுக் கப்பல் கிளம்ப முடியாதல்லவா? பெரிய புத்திசாலிபோல அதை எடுத்து என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்து, நானே சந்தனமும் குங்குமமும் அப்பினேன். அக்காவின் ரயில் பூசையன்று சாயங்காலமே என்பது எனக்குத் தெரியாது.

மத்தியானம் அக்கா நோட்டைக் கண்டுகொண்டாள். “எம்மா, ஒரே ஒரு பக்கம். வரஞ்சிட்டு வச்சிருதேன்.”

“பூசைல வச்சத எடுத்தா படிப்பு வராதுட்டி. போற எடத்துல நீ படிக்க வேண்டாமா?” என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்திருந்தது, ஆனாலும் விடவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். என் விரலில் சந்தனம். காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் வைத்தேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பி வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நாலு பேரும் நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்க மாதிரித்தாம்ட்டி வரைய இருந்தேன்.”

மறுநாள் விஜயதசமி. நோட்டைத் திறந்து பென்சிலோடு உட்கார்ந்தேன். கப்பல் வந்தது, ஆட்கள் வரவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

வளவு இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடைகள். அக்கா மும்பைக்காரியாகவே ஆகிவிட்டாள். தமிழ் அவள் வாயில் யோசித்து யோசித்துத்தான் வருகிறது. போன மாதம் அந்த நாலாம் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “ரொம்ப அழகா இருக்கு. யார் வரைஞ்சது?”

‘நீதான்’ என்று அடித்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.