நான் கழுவிவிட்ட ஊர்

எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது வருஷம் யோசித்துவிட்டேன். இரண்டு தடவை பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து, பாதியில் மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள், எழுத வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெட்கம். இப்போது எங்கள் பக்கத்து மனையிலும் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். இனியும் தள்ளிப்போட்டால், இங்கேதான் நடந்தது என்று கைகாட்ட இடம் இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

புதுச்சேரி டவுனில் வாடகை வீட்டில் இருந்த நாங்கள், மூலக்குளம் தாண்டி ஒரு மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த முதல் வருஷம் அது. சுற்றிலும் வெறும் மனைகள், மண் ரோடு. தெருவிளக்கு கிடையாது. பின்பக்கத்து மனைக்காரரோடு மட்டும் மதில் சுவர் தகராறு. ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டோம் என்று சண்டை போட்டு, நாங்கள் எப்படி நிம்மதியாக இருக்கிறோம் என்று பார்க்கிறேன் என்று கத்திவிட்டுப் போயிருந்தார். அந்தப் பேச்சு என் மனதிலேயே தங்கிவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று டவுனில் என் தங்கை வீட்டுக்குப் போய், நன்றாக இருட்டிய பிறகு திரும்பினோம். மறுநாள் காணும் பொங்கல். என் கணவர் விடியுமுன் சுபுஹு தொழுகைக்குப் போய்விட்டு அப்படியே கடைக்குப் போய்விட்டார். பை தைக்கும் கடை. நானும் தொழுதுவிட்டு, விடிந்ததும் வாசல் கதவைத் திறந்தேன்.

எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கோடு. சுண்ணாம்புத் தூள் தூவிப் போட்ட கோடு. கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பக்கம் மட்டும் திறப்பு விட்டு, நாலு மனை தூரத்துக்குப் போட்டிருந்தது. அதில் இரண்டு கோடு நேராக வந்து எங்கள் மதிலில் முட்டி நின்றது. பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அதே கோடுகள் மறுபடி தொடங்கின. எங்கள் வீட்டுக்குள் புகுந்து வெளியே போனது போல இருந்தது.

பின்மனைக்காரர் வைத்த செய்வினைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தீங்கு அண்டாமல் இருக்க ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே மோட்டாரைப் போட்டு, ஹோஸ் எட்டின தூரம் வரைக்கும் தண்ணீர் அடித்தேன். எட்டாத இடத்தைத் துடைப்பத்தால் கலைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அல்லாஹ் காப்பாற்றினான் என்று பெருமூச்சு விட்டு, டீ போட உள்ளே போனேன்.

ஒன்பது மணி இருக்கும். ஒரு வேனும் இரண்டு ஆட்டோவும் வந்து நின்றன. புதுத்துணி கட்டின ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டிகளோடு இறங்கினார்கள். இறங்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கையில் சுண்ணாம்பு படிந்த பழைய பெயின்ட் டப்பா வைத்திருந்த பெரியவர் ஒருவர் என் வாசலுக்கு வந்து, தரையை யாரம்மா கழுவியது என்று கேட்டார். கொத்தனார் என்று பிறகு தெரிந்தது.

நான் தெரியாது என்றேன். என் புடவை முழங்கால் வரை ஈரம். ஹோஸ் அவர் காலடியிலேயே கிடந்தது. அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். திரும்பிப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். ஐந்து வேளை தொழுகிறவள், ஒரே நொடியில் பொய் சொல்லிவிட்டேன்.

ஜன்னல் வழியாகக் கேட்டதில்தான் விஷயம் தெரிந்தது. அந்த இடத்தில் அவர்களுடைய ஊர் இருந்திருக்கிறது. இருபது முப்பது வீடு. அவர்கள் சிறுவயதில் ஒரு மழைக்கு ஏரி உடைந்து, ஊர் முழுக்கப் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள். காணும் பொங்கலன்று எல்லோரும் உறவுக்காரர்களைப் பார்க்கப் போவார்கள். இவர்கள் ஊரைப் பார்க்க வருகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் கொத்தனார் வந்து, வீடுகள் இருந்தபடியே கோடு போட்டு வைப்பார். மறுநாள் ஒவ்வொரு வீட்டின் பெயராகக் கூப்பிடுவார். அந்த வீட்டார் தங்கள் கட்டத்துக்குள் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அரியாங்குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். வருஷா வருஷம் அவருடைய அம்மாதான் வந்து பதில் சொல்வாராம். அந்த அம்மா ஐப்பசியில் இறந்துவிட்டார். மகள் இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார்.

"எங்கம்மா வாசல் எதுன்னே தெரியாதேண்ணே. நான் எங்க போய் நிப்பேன்?"

அதைக் கேட்ட பிறகு என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, நான்தான் கழுவினேன், செய்வினை என்று பயந்துவிட்டேன், பொய்யும் சொன்னேன் என்றேன். கொத்தனார் ஈரத் தரையை ஒரு தடவை பார்த்தார்.

"நம்ம ஊருக்குத் தண்ணியில போறதே பழக்கமாப் போச்சு" என்றார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொழுக்கட்டைக்கு அரைத்து வைத்த அரிசி மாவு நாலு படி இருக்கிறது, மறுபடி கோடு போடக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கோடு போட அரை நாள் ஆகும், வேண்டாம் என்றார் கொத்தனார்.

"விடு பாயம்மா. காலுக்குத் தெரியும்."

அவர் முன்னால் நடந்தார். வயதானவர்கள் பின்னால் போனார்கள். வெறும் மண்ணில், ஒன்றுமே இல்லாத இடத்தில், எல்லோரும் சேர்ந்தாற்போல் இடப்பக்கம் திரும்பினார்கள். ஓரிடத்தில் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி எட்டு வைத்தார்கள். அங்கே வாய்க்காலாம். இன்னோரிடத்தில் வளைந்து சுற்றிப் போனார்கள். அங்கே கிணறு. கூரை தாழ்ந்த வீடு ஒன்று வந்தபோது, உயரமான ஒருவர் அந்த வெற்றிடத்தில் தலையைக் குனிந்து நுழைந்தார். ஒருவர்கூட சுவர் இருந்த இடத்தைக் குறுக்கே கடக்கவில்லை. கோட்டைத்தான் நான் கழுவியிருந்தேன். ஊர் அங்கேயே இருந்தது.

வண்டிக்காரர் வீடு என்று கொத்தனார் கூப்பிட்டார். இருக்கோம் என்று ஒரு குரல். மேட்டு வீடு. இருக்கோம். இப்படியே வந்து எங்கள் மதிலோரம் கூட்டம் நின்றுவிட்டது. முருங்கைமரத்து வீடு மதிலுக்கு உள்ளே வருகிறது. அதுதான் இட்லிக் கடைப் பெண்ணின் வீடு. வெளியே நின்றே சொல்லம்மா, போதும் என்று கொத்தனார் மெதுவாகச் சொன்னார். நான் போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவர் அடி எண்ணி வந்து, எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணை நிறுத்தினார். வாசல் கிழக்கே பார்த்தது என்று தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். வீட்டின் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இருக்கோம்" என்றார்.

அடுத்த வீட்டின் பெயர் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாய் வீடு. யாரும் முன்னே வரவில்லை. பிறகு அத்தனை பேரும் ஒரே குரலாக, "இருக்கோம்" என்றார்கள்.

அந்த பாய் வளையல் விற்றவராம். வெள்ளத்துக்குப் பிறகு குடும்பத்தோடு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. ஆள் வராத வீட்டுக்கு ஊரே பதில் சொல்வதுதான் வழக்கமாம். வராதவர்களை இத்தனை வருஷமாகவா கூப்பிடுகிறீர்கள் என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"அவங்க வரலைன்னா, வீடு இல்லைன்னு ஆயிடுமா பாயம்மா?"

நான் ஓதி ஓதிக் கழுவியதில் அந்த வீடும் ஒன்று. அன்று மதியம் லுஹர் தொழுகையில் ஸஜ்தாவில் தரையில் தலை வைத்தவளுக்கு வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் நான் எங்கேயும் போவதில்லை. கொத்தனார் கோடு போட்டுவிட்டுப் போனதும், வண்டியும் மாடும் மிதிக்காமல் இருட்டும்வரை நாற்காலி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பாய் வீட்டுக் கட்டத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். நிற்கவில்லை. அது யாருக்கோ உரிய வாசல், என்றைக்காவது வரலாம். ஆனால் கூட்டம் பதில் சொல்லும்போது நானும் சேர்ந்து சொல்கிறேன்.

இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொன்னால், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். எனக்காக எதையும் நல்லபடியாக மாற்ற வேண்டாம். நான் கழுவியதையும், பொய் சொன்னதையும் விட்டுவிட வேண்டாம். அந்த வளையல்கார பாயின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எங்கேயாவது இருந்து அவர்கள் காதில் விழுந்தால், தங்கள் வீட்டின் பெயரை இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.