பச்சை வாசம் மாறும் நேரம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. போடியில் ஏலக்காய் உலர்த்தும் கம்பெனியில் வேலை பார்த்தே நாலு பிள்ளைகளை வளர்த்தேன். பச்சை வாசம் மாறியதுமே உலர்த்தும் அறையின் ஈரக்காற்றை வெளியே விட்டால் காயின் நிறம் மங்காது என்று கண்டுபிடித்தவள் நான்.

"உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க ஆத்தா, கம்பெனி நல்லா வரும்" என்று மேனேஜர் கேட்டார். மகனாக நினைத்துச் சொன்னேன். புதிதாக வாங்கிய உலர்த்தும் மெஷினை நான் சொன்னபடியே ஓட்டினார்கள், வியாபாரம் பெருகியது.

வெளியூர் வியாபாரிகள் வந்த அன்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேனேஜர் அவர்களிடம், "இது என் யோசனை" என்றார். பிறகு, "ஆத்தா, வெரசா டீ கொண்டா" என்றார்.

"யோசனை உன்னுதுன்னா டீயும் நீயே போட்டுக்க, அப்பு" என்று சொல்லிவிட்டு வந்தவள், திரும்பப் போகவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். "எங்க, வாசி தாயி. நான் சொன்னது நான் சொன்னதாவே இருக்கான்னு கேக்கணும்."