அஞ்சலை கொண்டுவந்த ஷாப்ட்

போன வாரம் சிதம்பரம் தெற்கு வீதியில் என் ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டு ஒடிந்து வண்டி சாய்ந்துவிட்டது. நல்லவேளை, நான் பூக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் புது ஸ்டாண்டை மாட்டிவிட்டு ஒடிந்ததைத் தகர டின்னில் எறிந்தார். அதைக் கேட்டேன்.

"ஒடஞ்சத வெச்சிக்கினு என்னாக்கா பண்ணப்போறீங்க?"

வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். ஒடிந்த முகத்தில் பெரும்பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் புத்தம் புதிதாக மின்னியது. ஆக, இது இன்றைக்கு ஒடிந்ததல்ல. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒடிந்துவந்து, இன்றைக்குத்தான் முடித்துக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. உடைந்த இரும்பைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் நகர முடியாத ஜென்மம் நான். அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதற்கு இது தேவலை என்பார் வீட்டுக்காரர்.

இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது கடலூர் முதுநகரில். படித்து முடித்த கையோடு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. உள்ளே மண்ணெண்ணெய் நாற்றம், வெளியே கருவாட்டு நாற்றம். பஸ்ஸில் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

மண்ணெண்ணெய் எதற்கென்றால், விரிசலைக் கண்டுபிடிக்க. இரும்பின் மேல் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடி தூவுவோம். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஒரு தலைமுடி விழுந்தாற்போல் கோடு போடும். கண்ணுக்கே தெரியாத ஒன்று அப்படி வெளிப்படும்போது எனக்குக் கைதட்டத் தோன்றும். வார்க்கும்போது காற்று மாட்டிக்கொண்ட இரும்பை அறுத்தால் ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். காய்ச்சி அடிக்கையில் மடிந்து, ஒட்டாமலே போனது பரோட்டா போல ஏடு ஏடாகப் பிரியும். எனக்கு எல்லாம் சாப்பாடாகவே தோன்றியதற்குக் காரணம், மத்தியானச் சோறு எப்போதும் தாமதமாக வந்ததுதான்.

ஒரு தை மாதக் கடைசியில் அஞ்சலை அக்கா வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. சாக்கில் சுற்றிய எதையோ இடுப்பில் பிள்ளையைப் போல இடுக்கியிருந்தார். மேசையில் அவர் இறக்கியதும் மேசை ஆடியது. படகின் என்ஜினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் இரும்புத் தண்டு, அதாவது ஷாப்ட், அதில் ஒரு துண்டு.

படகு அவருடைய அண்ணன் கலியமூர்த்தியுடையது. ஷாப்ட்டைக் கடைந்து கொடுத்தவர் அஞ்சலையின் கணவர் தனசேகர். துறைமுகத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்தார். நடுக்கடலில் ஷாப்ட் முறிந்து, புரொப்பல்லர் தண்ணீரோடு போய், படகு இரவெல்லாம் அலைந்து, இன்னொரு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. கரையேறிய கலியமூர்த்தி நேராக லேத்துக்குப் போய், மட்டமான இரும்பைப் போட்டு ஆளைக் கொல்லப் பார்த்தான் என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றது. மற்ற படகுக்காரர்களும் தனசேகரிடம் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"இந்தப் பொங்கலுக்கு அண்ணன் வரிச வெக்கல. அதுகூடப் பரவால்ல. என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது. நீ பாத்து, ரெண்டு பேரு மேலயும் தப்புன்னு சொல்லிடு."

"பாக்காம எப்பிடிக்கா சொல்றது?"

"ஒருத்தரு மேலன்னு சொல்லிட்டீன்னா நான் எங்க போயி நிக்கிறது?"

துண்டை விளக்கடிக்கு நகர்த்தினேன்.

உப்பையும் துருவையும் பக்குவமாக நீக்கினேன். முறிந்த முகத்தில் வளைவு வளைவாகக் கோடுகள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தண்ணீர் பின்வாங்கும்போது மணலில் விட்டுப் போகுமே, அதே மாதிரி. ஒவ்வொரு கோடும் விரிசல் கொஞ்சம் முன்னேறி நின்ற இடம். கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் விரிசல் பிறந்த இடத்துக்கே போய்விடலாம். புரொப்பல்லர் வழுக்காமலிருக்கச் சாவி என்கிற சின்ன இரும்புக் கட்டையைப் பொருத்த வெட்டிய பள்ளத்தின் மூலையில் போய் நின்றேன். அந்த மூலை கத்தி முனை மாதிரி கூராக இருந்தது; வெட்டும்போதே மழுக்கி விட்டிருக்க வேண்டும். அதே மூலையில் ஒரு பொட்டு வெல்டிங்கும் இருந்தது. அந்தச் சூட்டில் இரும்பு அங்கே மட்டும் விறைத்து, நொறுங்கும் தன்மைக்கு வந்திருந்தது. மற்றபடி இரும்பு நல்ல இரும்பு. வேண்டுமென்றே தேடினேன், ஓட்டை, கசடு எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் அஞ்சலை அக்கா இருவரையும் இழுத்து வந்துவிட்டார். ஒருவர் வாசல் பக்கம், ஒருவர் சுவர்ப் பக்கம். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, கண்டதைச் சொன்னேன். கலியமூர்த்தி வெல்டிங் பொட்டின் மேல் கண்ணாடியை வைத்துக் குனிந்தார்.

"சாவி ஆடுச்சி. போட்டு டிரைவர்தான் ஒரு பொட்டு வெல்டிங் வெய்யின்னான், வெச்சிட்டேன்."

தனசேகர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மச்சான்?"

"நீ சிரிக்காதய்யா," என்றார் அஞ்சலை. "மூலையக் கூரா உட்டது யாரு? பாதி ஒன்னுது."

தனசேகர் சிரிப்பை விழுங்கிவிட்டு, பள்ளத்தின் மூலையை விரலால் தடவினார். "ஆமா, உட்டுட்டேன்." கலியமூர்த்தி வெளியே போனார். போயே விட்டார் என்று நினைத்தேன். டீக்கடையிலிருந்து எல்லோருக்கும் டீயோடு வந்தார். மச்சானிடம் மட்டும் கிளாஸை நீட்டாமல் மேசையில் வைத்தார். மச்சான் எடுத்துக் குடித்தார்.

புது ஷாப்ட்டைத் தனசேகர்தான் கடைந்தார். பொங்கல் வரிசை மாசி மாதத்தில் வந்தது. கரும்பு காய்ந்துவிட்டது என்று அஞ்சலை எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து, கடித்துக் காட்டிச் சிரித்தார்.

சென்ற ஆண்டு திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். கலியமூர்த்தி போய்ச் சேர்ந்த அடுத்த வருடமே தனசேகரும் போய்விட்டாராம். படகை உடைத்து விறகுக்குக் கொடுத்துவிட்டார்கள். லேத் இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் கொட்டகை எப்போதோ போயாயிற்று.

"ரெண்டும் மொறச்சிக்கினு திரிஞ்சிதுங்களே ஒரு மாசம்," என்றார் அஞ்சலை. "அப்ப நான் அழுவாத நாளு இல்ல. இப்ப நெனச்சா, அந்த மாசங்கூட நல்லாத்தாம்மா இருந்திருக்குது."